முதல் பாரம் தண்ணீருக்கு

கடலுக்கடியில் 3000 மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டர் தரையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் தலைக்கு மேலே நிற்கும் தண்ணீரின் எடை 3000 டன்னைத் தாண்டும். 30 டன் எடையுள்ள லாரிகள் நூற்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய மாதிரி. யுகக்கணக்கில் இப்படி அமுக்கப்படும் மண் கருங்கல்லாக இறுகிப் போயிருக்க வேண்டாமா? அந்த ஆழத்திலிருந்து குழாயில் அள்ளி வரும் மேல்மண்ணைக் கையில் வைத்துப் பிசைந்தால் தயிரைப் போல விரலிடுக்கில் பிதுங்கி வழிகிறது. அந்தத் தயிரின் மேல்தான் எண்ணெய்க் கிணறுகளின் வால்வுக் கூட்டங்களையும், எரிவாயுக் குழாய்களின் சந்திப்பு மேடைகளையும் உட்காரவைக்கிறார்கள். ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான டன் எடை. 25, 30 வருடம் சாயாமல் நிற்க வேண்டும்.

அத்தனை பாரத்துக்கு அடியிலும் மண் ஏன் இறுகவில்லை என்பதற்கு வீட்டிலேயே விடை இருக்கிறது. ஒரு வாளியின் அடியில் கொஞ்சம் தேங்காய்த் துருவலைப் போட்டு, வாளி நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். துருவல் நசுங்காது. அதே துருவலின் மேல் ஒரு குழவிக்கல்லை வையுங்கள், உடனே நசுங்கும். தண்ணீரின் எடை துருவலுக்கு மேலே மட்டும் இல்லை. இடுக்குகளுக்குள்ளும் அதே அழுத்தத்தில் புகுந்து, ஒவ்வொரு துருவலையும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தொடுகிறது. துருவலும் துருவலும் ஒன்றையொன்று நெருக்கக் காரணமே இல்லை. கல் அப்படியில்லை. அது துருவலின் மேல் ஏறி உட்காருகிறது.

மண்ணும் இப்படித்தான். மண்ணில் இறங்கும் பாரத்தை இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள்: மண்துகள்கள், துகள்களுக்கு இடையே உள்ள தண்ணீர். மண்ணின் வலு என்பது துகளும் துகளும் எவ்வளவு இறுக்கமாகக் கைகோத்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. தண்ணீர் வாங்கிக்கொண்ட பங்கு வலுவில் சேராது. மொத்த அழுத்தத்திலிருந்து தண்ணீரின் அழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவதைப் பாடநூல்கள் ‘பயனுறு தகைவு’ என்கின்றன. கடலின் ஆழம் அந்தக் கழித்தலிலேயே அடிபட்டுப் போய்விடுகிறது.

இதைத் தெளிவாக்கியவர் 1883இல் பிராகில் பிறந்த கார்ல் டெர்சாகி. முதல் உலகப் போர்க் காலத்தில் இஸ்தான்புல்லுக்குப் பாடம் நடத்தப் போனார். போர் முடிந்த பிறகு அங்கிருந்த ராபர்ட் கல்லூரியில் ஆசிரியரானார். ஆய்வுக்கூடம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. கைக்குக் கிடைத்ததை வைத்துக் கருவிகள் செய்து, களிமண் வில்லைகளை நாள்கணக்கில் அமுக்கி, அவை எவ்வளவு சுருங்குகின்றன என்று குறித்துக்கொண்டே இருந்தார். 1925இல் அவர் வெளியிட்ட ஜெர்மன் நூலிலிருந்துதான் மண் இயக்கவியல் என்ற துறையின் வயது கணக்கிடப்படுகிறது. களிமண்ணின் மேல் பாரம் வைத்த கணத்தில் அதை முழுக்க வாங்கிக்கொள்வது தண்ணீர். பிறகு அது கசிந்து வெளியேற வெளியேற, பாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் துகள்களுக்குக் கைமாறுகிறது. அவர் கண்டதன் சாரம் இதுதான். கடலடி அஸ்திவாரத்தின் பெரும்பாலான தலைவலிகளும், சில தந்திரங்களும், இந்தக் கைமாற்றத்துக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன.

நம் கொத்தனார்கள் இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஒரு கட்டடம் ‘சாஞ்சிடுச்சு’ என்பது ஒன்று, ‘உக்காந்துடுச்சு’ என்பது இன்னொன்று. பொறியாளர்களும் இதே இரண்டைத்தான் தனித்தனியாகக் கணக்குப் போடுகிறார்கள். முதலாவது தாங்குதிறன். இரண்டாவது இறக்கம். தாங்குதிறன் முதல் நாள் கவலை. இறக்கம் ஆயுள் முழுக்கக் கூட வரும் கவலை.

முதல் நாளை முதலில் பார்ப்போம். நடவுக்கு முன் வயலைச் சமன்செய்யப் பரம்பு அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சேற்றில் வெறுங்காலோடு நடப்பவர் முழங்கால் வரை புதைகிறார். அதே ஆள் பரம்புப் பலகையில் ஏறி நின்றால், மாடு இழுக்க, சேற்றின் மேலே வழுக்கிக்கொண்டு போகிறார். 65 கிலோ ஆள் இரண்டு பாதத்தில் நின்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 1600 கிலோ அழுத்தம். 2 மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலமுள்ள பலகையில் நின்றால் 110 கிலோ மட்டுமே. கடலடி மேடைகளுக்கு வைக்கும் எளிய அஸ்திவாரமும் பரம்புப் பலகைதான். ‘மட்மேட்’ என்பார்கள், சேற்றுப் பாய் என்று சொல்லலாம். விலா எலும்பு போலச் சட்டங்கள் ஓடும் அகலமான எஃகுத் தட்டு அது. தண்ணீருக்குள் இறக்கும்போது நீர் மேலேறிப் போக அதில் ஓட்டைகள் விட்டிருப்பார்கள்.

எவ்வளவு தாங்கும்? 1920இல் லுட்விக் பிராண்டில் போட்ட கணக்கு இன்னும் புழங்குகிறது. பாரம் அளவு மீறினால் அடிமண் நேராகக் கீழே போவதில்லை. போக இடம் கிடையாது. அஸ்திவாரத்துக்கு அடியில் ஓர் ஆப்பு உருவாகி இரு பக்கமும் மண்ணைத் தள்ள, அது வளைந்து திரும்பி ஓரங்களில் மேடாகப் புடைக்கிறது. சேற்றில் காலை ஊன்றினால் பாதத்தைச் சுற்றி வரப்புக் கட்டுமே, அதுதான். நீண்ட பட்டையான அஸ்திவாரம் என்றால், களிமண் தன் வெட்டுவலுவைப் போல, அதாவது துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதை எதிர்க்கும் வலுவைப் போல, 5.14 மடங்கு அழுத்தத்தைத் தாங்கும். அந்த எண் இரண்டோடு பை சேர்ந்தது. சதுரமோ வட்டமோ என்றால் சுமார் 6 மடங்கு.

களிமண்ணின் வெட்டுவலு சதுர மீட்டருக்கு அரை டன் என்று வைத்துக்கொள்வோம். ஆழ்கடலில் இதைவிட மோசமான இடங்கள் உண்டு. 10 மீட்டருக்கு 10 மீட்டர் பாயை விரித்தால் சதுர மீட்டருக்கு 3 டன், மொத்தம் 300 டன். பாதுகாப்புக்குப் பாதியாக்கினால் 150 டன். தாள் கணக்கு இவ்வளவுதான். ஆனால் அங்கே எந்த பாரமும் நட்டநடுவில் வந்து உட்காராது. குழாய் பக்கவாட்டில் இழுக்கும், வால்வுகளின் எடை ஓர் ஓரமாக இருக்கும். பாரத்தின் மையம் 1 மீட்டர் விலகினாலே, 10 மீட்டர் அகலத்தில் 2 மீட்டரைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். அந்த ஓரம் பாரம் வாங்காமல் சும்மா கிடக்கும். 100 சதுர மீட்டர் 80 ஆகிவிடும்.

இதே கவலை வேறு உருவத்தில் நமக்கு வெகு அருகிலும் உண்டு. சென்னை தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ‘வராகா’ என்ற சுரங்க ஊர்தி 2021இல் மத்திய இந்தியப் பெருங்கடலில் 5270 மீட்டர் ஆழத்தில் ஓட்டிப் பார்க்கப்பட்டது. பல உலோகங்கள் அடங்கிய கனிம உருண்டைகள் கிடக்கும் அந்தத் தரை மிக மெத்தென்ற சேறு. புதையாமல் ஊர வேண்டும், திரும்ப வேண்டும். அந்த வண்டிக்கும் பரம்புக் கணக்குத்தான்.

சரி, முதல் நாள் மேடை சாயவில்லை. இனி உட்காரும் கதை.

அரைத்த தேங்காயைத் துணியில் கட்டிப் பிழியும்போது பால் வெளியேற வெளியேறத்தான் சக்கை இறுகுகிறது. அதையே பிளாஸ்டிக் பையில் கட்டிப் பிழிந்தால் எவ்வளவு அமுக்கினாலும் சக்கை சக்கையாகாது. களிமண் இந்த இரண்டுக்கும் நடுவே. தண்ணீரை விடும், ஆனால் கருமியைப் போல விடும். விடுவதற்கு ஆகும் காலம் தண்ணீர் பயணிக்க வேண்டிய தூரத்தின் வர்க்கமாக ஏறுகிறது என்பதும் டெர்சாகியின் கணக்கு. ஒரு வகைக் களிமண்ணில் 1 மீட்டர் கடக்க 10 மாதம் என்றால், 10 மீட்டர் கடக்க 100 மாதம் இல்லை. 1000 மாதம், 83 வருடம். பல எண்ணெய் வயல்களின் ஆயுளே அதில் பாதி இருக்காது. ஆகவே பல மேடைகள் கைமாற்றம் முடிவதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிடுகின்றன.

இறங்கினால்தான் என்ன, கடலடியில் யார் வீட்டுச் சுவர் விரிசல் விடப்போகிறது என்று கேட்கலாம். மேடை மட்டும் தனியாக நின்றால் கவலையே இல்லை. பக்கத்தில் எண்ணெய்க் கிணறு இருக்கிறதே! அதன் தலை, பூமிக்குள் நூற்றுக்கணக்கான மீட்டர் இறங்கிய எஃகுக் குழாய்களில் ஊன்றி நிற்கிறது. அது இறங்காது. மேடை இறங்கும். இரண்டையும் இணைப்பது ஜம்பர் எனப்படும் வளைந்த குழாய். ஒரு முனை அசையாமல் இருக்க, மறுமுனை ஆண்டுதோறும் கொஞ்சம் கீழே போனால், இணைப்பு மூட்டில் முறுக்கம் ஏறிக்கொண்டே போகும். எல்லாம் சேர்ந்து ஒரே சீராக இறங்குவதை எப்படியாவது சமாளித்துவிடலாம். ஒன்று இறங்கி ஒன்று நிற்பதுதான் தொல்லை.

ஆனால் இந்தக் கைமாற்றம் முழுக்க வில்லன் இல்லை, அதை மறந்துவிடக்கூடாது. தண்ணீர் போகப் போக மண் இறுகுகிறது, இறுகினால் வலு கூடுகிறது. முதல் நாள் தள்ளாடிய அஸ்திவாரம் ஐந்தாம் வருடம் இன்னும் உறுதியாக நிற்கும். உட்காருவதே அதன் பலம்.

வட கடலில் நார்வேக்காரர்கள் இதைக் காத்திருந்து பெறாமல் வலிந்து பெற்றார்கள். 1989இல் குல்ஃபாக்ஸ் சி என்ற கான்கிரீட் மேடை சுமார் 216 மீட்டர் ஆழத்தில் நிறுவப்பட்டது. மேடையின் எடை ஏறத்தாழ 15 லட்சம் டன். மேல்மண் மென்மையானது என்பதால், அடியில் 22 மீட்டர் நீளத்துக்குச் சுவர்கள் கட்டி மண்ணுக்குள் இறக்கினார்கள். இந்தச் சுவர்களுக்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் பெயர் பாவாடை. கூடவே வடிகால்களையும் வைத்து, மண்ணில் உள்ள தண்ணீர் வேகமாக வெளியேற வழி செய்தார்கள். பத்தாண்டுக் கணக்கில் நடக்க வேண்டிய பிழிதல் சீக்கிரமே நடக்கத் தொடங்கியது. 1995இல் இன்னொரு மேடை வந்தது, ட்ரோல் ஏ. மொத்த உயரம் 472 மீட்டர், ஈஃபில் கோபுரத்தைவிட 140 மீட்டர் அதிகம். 303 மீட்டர் தண்ணீருக்கு அடியில், அதன் பாவாடை 36 மீட்டர் மண்ணுக்குள் இருக்கிறது.

36 மீட்டர் சுவரைக் கடலடியில் எப்படி இறக்குவது? நம் ஊர் உறைகிணறு வேலை இதற்குத் தூரத்துச் சொந்தம். உறைக்குள்ளே நின்று மண்ணை வாரி எடுக்க எடுக்க, உறை தன் எடையிலேயே இறங்கும். கடலில் மண்ணை வாருவதில்லை, தண்ணீரை வாருகிறார்கள். பாவாடைச் சுவர்கள் சூழ்ந்த, கவிழ்த்த டம்ளர் போன்ற அறைகள் தங்கள் எடையில் கொஞ்சம் புதைந்ததும், உள்ளே சிக்கிய தண்ணீரை பம்ப் வைத்து இறைக்கிறார்கள். உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளியே நிற்கும் கடலே டம்ளரின் தலையில் கை வைத்து அமுக்கிவிடுகிறது. இத்தனை நேரம் ஒன்றுக்கும் உதவாமல் நின்ற அந்த நீர்த்தூண் இங்கே கூலி வாங்காத ஆளாகிவிடுகிறது. மணலில் இன்னும் ஒரு லாபம் உண்டு. இறைக்கும்போது தண்ணீர் சுவரின் நுனியைச் சுற்றிக்கொண்டு உள்ளே மேல்நோக்கிக் கசிகிறது. அது மணலின் பாரத்தைத் தான் கொஞ்சம் வாங்கிக்கொள்ள, மணல் தளர்ந்து வழிவிடுகிறது. பம்பை நிறுத்தினால் மணல் மறுபடி இறுகிக்கொள்கிறது.

கடல் மேடையின் இரும்புக் கால்களுக்கு அடியில் இப்படிப்பட்ட வாளிகளை வைத்த முதல் பெரிய முயற்சி, வட கடலில் 70 மீட்டர் ஆழத்தில் 1994இல் நின்ற டிராப்னர் ஈ. வாளி ஒவ்வொன்றும் 12 மீட்டர் விட்டம், 6 மீட்டர் ஆழம். அலை மோதும்போது ஒரு பக்கக் கால் கீழே அழுத்தப்படும், எதிர்ப்பக்கக் கால் மேலே இழுக்கப்படும். வாளி பிடுங்கிக்கொண்டு வந்துவிடாதா? நடவு வயலில் கால் புதைந்தவர்களைக் கேளுங்கள். வெடுக்கென்று இழுத்தால் கால் வராது. குதிகாலை அசைத்து, தண்ணீர் உள்ளே புக இடம் கொடுத்து, மெதுவாக இழுத்தால் வரும். ஓர் அலையின் இழுப்பு சில நொடிகள்தான். அந்த அவசரத்தில் வாளிக்கு அடியில் தண்ணீர் புக நேரமில்லை. ஆகவே உறிஞ்சல் வாளியைப் பிடித்துக்கொள்கிறது. அழுத்தும்போது பாரம் வாங்கிய அதே தண்ணீர் இழுக்கும்போதும் வாங்குகிறது.

புதுமாதிரி அஸ்திவாரம் என்பதால் அந்த மேடையில் அளவுக் கருவிகளைத் தாராளமாகப் பொருத்தியிருந்தார்கள். 1995 புத்தாண்டு நாளில், புயல் நடுவே, அலைகளை அளந்துகொண்டிருந்த லேசர் கருவி 25.6 மீட்டர் உயர அலை ஒன்றைப் பதிந்தது. கடலோடிகள் காலங்காலமாகச் சொல்லி, பலர் கதை என்று தள்ளிய ராட்சத அலைக்குக் கிடைத்த முதல் உறுதியான சான்று அது. உலகம் அலையைப் பற்றிப் பேசியது. எனக்கு அந்த வாளிகள் மேல்தான் பிரியம். பிடியை விடாமல் நின்றவை அவை.

இதுவரை தண்ணீரையே பேசிவிட்டேன். துகளும் சில நேரம் காலை வாரும். மேற்கு ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் நார்த் ரேங்கின் ஏ மேடைக்கு 1982இல் எஃகுத் தூண்களைச் சம்மட்டியால் அறைந்து இறக்கினார்கள். சில தூண்கள் அறை வாங்காமலே, தம் எடையில் சுமார் 60 மீட்டர் வழுக்கிக்கொண்டு போயின. அங்குள்ள மணல் ஆற்று மணல் இல்லை. சிப்பிகளின், நுண்ணுயிர்களின் ஓட்டுத் துணுக்கு. உள்ளே பொந்து, அமுக்கினால் அப்பளம். தூண் உரசிக்கொண்டு போகும்போது துணுக்குகள் நொறுங்கிச் சுருங்க, தூணைப் பிடித்திருக்க வேண்டிய மண் விலகி நின்றுகொண்டது. அதைச் சரிசெய்யப் பெரும் செலவு ஆனது. சுண்ணாம்பு மணலைப் பற்றிய ஆராய்ச்சி அதன் பிறகுதான் சூடு பிடித்தது.

இறக்கத்தின் மிகப் பெரிய கதை எக்கோஃபிஸ்க். வட கடலின் நார்வேப் பகுதி, சுமார் 70 மீட்டர் ஆழம். 1973இல் அங்கே 10 லட்சம் பீப்பாய் எண்ணெய் பிடிக்கும் கான்கிரீட் தொட்டியை இறுகிய மணலின் மேல் உட்காரவைத்தார்கள். அலையின் வேகத்தை உடைக்க, தொட்டியைச் சுற்றி வரிசை வரிசையாக ஓட்டைகள் கொண்ட சுவர். அஸ்திவாரம் நன்றாகவே நடந்துகொண்டது. 1984இல் யாரோ உற்றுப் பார்த்தபோது கணக்கு உதைத்தது. பழைய படங்களில் தண்ணீருக்கு மேலே தெரிந்த ஓட்டை வரிசைகளில் சில இப்போது தெரியவில்லை. அளந்தார்கள். சுமார் 3 மீட்டர் போயிருந்தது. தொட்டி மட்டுமல்ல, சுற்றியிருந்த மேடைகளும் குழாய்களும் கடல்தரையும் சேர்ந்தே போயிருந்தன. ஒப்பிட ஒரு நிலையான புள்ளி பக்கத்தில் இல்லாததால் அத்தனை வருடமும் யார் கண்ணிலும் படவில்லை.

காரணம் தொட்டியின் எடை இல்லை. கடல்தரைக்குச் சுமார் 3 கிலோமீட்டர் கீழே, எண்ணெய் நிறைந்த மென்சுண்ணாம்புப் பாறை. மேலே உள்ள 3 கிலோமீட்டர்ப் பாறையின் பாரத்தில் ஒரு பங்கை, துளைகளில் நிறைந்திருந்த எண்ணெய் தன் அழுத்தத்தால் வாங்கிக்கொண்டிருந்தது. எண்ணெயை எடுக்க எடுக்க அழுத்தம் இறங்கியது. அந்தப் பாரம் சுண்ணாம்புத் துகள்களுக்குக் கைமாறியது. பாறை நசுங்கியது. இஸ்தான்புல்லில் களிமண் வில்லையில் நடந்தது இங்கே பல சதுர கிலோமீட்டர் பரப்பில் நடந்தது. அஸ்திவாரம் போட்டவர்கள் தங்கள் பாரத்தின் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருந்தார்கள். கீழே பாரம் தாங்கிக்கொண்டிருந்த ஒன்றை மேலே உறிஞ்சி எடுக்கிறோம் என்பதுதான் கணக்கில் சரியாக வரவில்லை.

1987இல் எஃகு மேடைகளின் கால்களை அறுத்து, ஜாக்கிகளால் தூக்கி, 6 மீட்டர் உயர்த்தினார்கள். தொட்டியைத் தூக்க முடியாது. அதைச் சுற்றி 1989இல் ஒரு கான்கிரீட் வளையச் சுவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பாறைக்குள் கடல்நீரைச் செலுத்தி அழுத்தத்தை மீட்கப் பார்த்தார்கள். இறக்கம் உடனே நிற்கவில்லை, ஏனென்றால் நீர் பட்டால் அந்தச் சுண்ணாம்பு இன்னும் இளகுகிறது. மொத்த இறக்கம் பிறகு 8 மீட்டரையும் தாண்டியது. தொட்டியின் மேல்தளங்களைப் பின்னாளில் கழற்றி எடுத்துவிட்டார்கள். கான்கிரீட் உடல் அங்கேயே நிற்கிறது, ஓட்டைகளில் ஒரு பகுதி தண்ணீருக்கு அடியில்.